வாரிசுப் பல்

சிப்பித்துறை உப்பு வாரியத்தில் ஓய்வூதியம் வராமல் மூன்று மாதம் போய், நான்காவது மாதத்து முதல் தேதி காலையில், ஓய்வு பெற்றோர் சங்கத் தலைவர் சிவனணைந்தபெருமாளுக்கு எழுபத்தொன்பது வயதில் ஒரு கடைவாய்ப்பல் முளைத்தது; அதே காலையில், வாரியத்தின் எடைமேடையில் வேலை பார்த்த சேர்மக்கனி குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பியபோது, வலியும் இல்லாமல் ரத்தமும் இல்லாமல், அவளுடைய கடைவாய்ப்பல் ஒன்று தண்ணீரோடு வந்து விழுந்தது. முதல் மாதம் இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் சேர்த்துப் பார்த்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தோம். மூன்றாவது மாதம் வாரியமே அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது: ஓய்வூதியப் பலன்கள் இனி இம்முறையிலேயே வழங்கப்படும், பணியாளர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று. எந்த முறை என்று அதில் எழுதியிருக்கவில்லை, யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

வெளியூர்க்காரர்கள்தான் எப்படி எப்படி என்று கேட்கிறார்கள். வாரியத்தின் ஓய்வூதியப் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மேலே இருந்து வருகிற எதுவும் எப்படி வருகிறது என்று கீழே இருக்கிறவனுக்குத் தெரியாது. வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போடுவதுதான் அவன் வேலை. ஒரு காலத்தில் ஆயிரம் பேர் பாத்தியில் இறங்கி உப்பு அள்ளிய ஊர் இது. இயந்திரம் வந்தது, ஆள் எடுப்பது குறைந்தது, எடுத்தவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றார்கள்; கடைசியில் மூன்று ஓய்வூதியருக்கு ஒரு பணியாளர் என்று நின்றது. அதனால் எங்களுக்கு மாதம் ஒரு பல் விழுந்தது, அவர்களுக்கு முறை வைத்து மூன்று மாதத்துக்கு ஒன்று முளைத்தது. வாரியம் தொடங்கிய நாள் முதல் ஒரு நாள்கூடப் பிந்தாமல் நடந்த பட்டுவாடா அது ஒன்றுதான்.

ஊர் என்ன செய்யும், பழகிக்கொண்டது. கோவில் தெருவில் மாலையானால் கரும்பும் வறுத்த சோளமும் விற்கிற வண்டிகள் ஓய்வூதியர் வீடுகளைச் சுற்றி நின்றன, கறிக்கடைக்காரர் நெஞ்செலும்பையும் மூட்டையும் பெரியவர்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டு எங்களுக்கு ஈரலும் ரத்தமும் கட்டிக் கொடுத்தார், கல்யாண வீடுகளில் முறுக்குப் பந்தி, கூழ்ப் பந்தி என்று இரண்டு பந்தி போட்டார்கள், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனின் சம்பளத்தைக் கேட்காமல் வாயைத் திறக்கச் சொன்னார்கள், வாரியத்தில் வேலை என்று தெரிந்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பல் இருக்கிறவன் பக்கோடா தின்கிறான் என்று சொல்வதை முதலில் நிறுத்தினோம். அப்புறம் சிரிப்பதையும் நிறுத்தினோம். தூத்துக்குடியிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்துபோன பல் டாக்டர் ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் தனக்குப் பிழைப்பு இல்லை என்று நாற்காலியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர்கள் கொடியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கக் கட்டடத்தில் சிவனணைந்தபெருமாள் பேசும்போது எனக்கே கண் கலங்கியிருக்கிறது. "நாப்பது வருசம் உப்புத் தண்ணியில நின்னுருக்கோம். உப்பளத்துக்காரன் செத்தா சிதையில ஒடம்பு வேகும், காலு வேகாது. அப்பமே எங்களுக்கு என்ன சொன்னாவ? கெழவனாயிட்டா வாரியம் பாத்துக்கிடும்னு சொன்னாவளா இல்லையா? நாங்க வாங்குதது பிச்சை இல்ல. நாங்களும் எங்க அய்யாமாருக்குக் குடுத்துட்டுத்தான் வந்துருக்கோம்." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் இன்ன தேதிக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது என்று ஓர் ஆணை இருந்தது, நாங்கள் எல்லோரும் அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்கள். எங்கள் பல் போகும். எங்களுக்கு ஒருநாளும் முளைக்காது. இதை எடுத்துச் சொன்னால் பெரியவர்கள் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டுக்கொண்டே முறுக்கைக் கடித்தார்கள்.

பல் முளைத்தவர்களுக்குச் சாவு வரவில்லை என்பதைக் கவனிக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. சுடுகாட்டில் வேலை பார்த்தவர் அடுப்பு மூட்ட வழியில்லாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோதுதான் புரிந்தது.

சேர்மக்கனியின் வீடு வாரியத்துக் குடியிருப்பில் கடைசி வரிசையில் இருந்தது. புருஷன் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒரு மாதம் வருவான். வீட்டில் அவளும், ஏழு வயது மகள் பவிஷாவும், மாமனார் பலவேசமும்தான். பலவேசம் வாரியத்தில் பம்பு ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்திநாலு வயது. புதுப்பல் பத்து முளைத்து, பழைய பல்லோடு சேர்த்து வாய் நிறைந்திருந்தது. சேர்மக்கனிக்கு அப்போது முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. அதற்காக அவள் கவலைப்படவில்லை. ரசஞ்சோறு சாப்பிட ஐந்து பல் தாராளம் என்பாள். அவள் கவலை எல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். பவிஷாவுக்கு ஆறு வயதில் பால்பல் விழத் தொடங்கியது, எல்லாப் பிள்ளைகளுக்கும் விழுவதுபோலத்தான் விழுந்தது. ஆனால் விழுந்த இடத்தில் எதுவும் வரவில்லை. பணியாளர்களாகிய எங்கள் வாய் காலியாகிக்கொண்டு வந்ததால், முறை எங்கள் பிள்ளைகளுக்குத் தாவியிருந்தது. ஈறுக்குள் இருக்கும்போதே, வெளியே எட்டிப் பார்க்கும் முன்பே எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வாரியத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரும் தனி வரிசையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள்.

பலவேசத்துக்குப் பேத்தி என்றால் உயிர். அவள் முறுக்கைத் தண்ணீரில் ஊறவைத்துச் சப்புவதை அவரால் பார்க்க முடியவில்லை; அதனால் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி தன் முறுக்கைத் தின்றார். பிறகு ஒருநாள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, பொண்டாட்டி செத்த பெறவு என் பேப்பர்ல வாரிசு பேரு மாத்தவே இல்லலா. பிள்ளை பேரப் போட்டுரு."

"பவிஷா பேரா அண்ணாச்சி?"

"அவ பேருதான். நான் போனா என் பல்லு எல்லாம் அவளுக்குத்தான வரணும்?"

வாரிசு நியமனப் படிவத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், நான்தான் நிரப்பினேன். ஓய்வூதியரின் வாரிசு என்றால், அவர் போன பிறகு அவர் இடத்தில் உட்காருகிற இன்னொரு ஓய்வூதியர் என்று பொருள். ஆயிரம் படிவம் நிரப்பிய எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் பல் இல்லாத பிள்ளைக்குப் பல் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் அவரும் அதை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இரண்டு படியில் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் டீ குடிக்கப் போனேன்.

பலவேசம் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பல் உள்ளவர்கள் சாவதில்லை என்று சேர்மக்கனிக்கும் தெரியும். மாமனார் மலைபோல் இருக்கிறார். பிள்ளைக்கு எப்போது வரும்? சித்திரை மாத நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குச் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

நேர்காணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியர் ஒவ்வொருவரும் நேரில் வந்து தான் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது பழைய விதி. பல் வந்த பிறகு வாரியம் அதை மாற்றியது: நிர்வாக அலுவலர் முன்னால் ஒரு முழுக் கொட்டைப்பாக்கைக் கடித்து உடைக்க வேண்டும். உடைகிற சத்தம் அலுவலருக்குக் கேட்டால் இருக்கிறார், கேட்காவிட்டால் இல்லை.

"மாமா," என்றாள் சேர்மக்கனி, "இந்த வருசம் நீங்க பாக்கைக் கடிக்காதிய."

பலவேசம் பிசைந்த சோற்றைத் தட்டில் உதறினார்.

"என்னைய சாகச் சொல்லுதியா?"

"பேப்பர்லதான மாமா. நீங்க எங்கயும் போகண்டாம். இங்கதான் இருப்பிய, நான்தான் சோறு போடுவேன். பிள்ளை வாயைப் பாத்தியளா? ஏழு வயசுல பொக்கை வாய். நாளைக்கு எவன் கட்டுவான், என்ன திம்பா?"

"நாப்பது வருசம் பம்பு ஓட்டுனவம்மா நான்."

"நான் இல்லன்னு சொல்லலியே."

"எலும்பு கடிச்சுத் தின்னு பழகிட்டேன்," என்றார் பலவேசம். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். வெட்கம் கோபமாக மாறி, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஆறு நாள் அவளோடு பேசவில்லை. ஆறு நாளும் கறிக்கடையில் எலும்பு வாங்கி வந்து, தானே வேகவைத்து, அவள் பார்க்கும்படி உட்கார்ந்து கடித்தார். கேட்டது தப்புதான் என்று என்னிடம் அழுதாள் அவள். ஆனாலும் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நேர்காணல் நாளன்று காலை ஒன்பது மணிக்கே வரிசை வாரிய வாசலைத் தாண்டி நின்றது. மேசையில் நிர்வாக அலுவலர், வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த சாது, அவருக்கும் மேல்வரிசை முழுக்கப் போயிருந்தது. பக்கத்தில் பதிவேட்டோடு நான். பாக்கு உடைகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு டிக் போட்டேன், எடைமேடையில் நின்றிருந்த சேர்மக்கனி லாரிகளை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். பலவேசம் வந்தார். பாக்கை எடுத்து வாயில் போட்டார். தாடை ஒருபக்கம் போனது, மறுபக்கம் வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. உடைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். உடைக்கத்தான் வந்திருந்தார் என்றும் நினைக்கிறேன். பிறகு பாக்கை முழுசாக எடுத்து, வேட்டியில் துடைத்து, அலுவலரின் தட்டில் வைத்தார்.

"கடிபடல சார்."

"அண்ணாச்சி, இன்னொரு தடவ போட்டுப் பாருங்க."

"படாது சார்."

வரிசையில் நின்றவர்கள் பதறிப் போனார்கள். சிவனணைந்தபெருமாள் ஓடி வந்து, "ஏ பலவேசம், வெளயாடாத, கடிச்சுத் தொலை," என்று கையைப் பிடித்து உலுக்கினார். பலவேசம் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். அலுவலர் என்னைப் பார்த்தார். நான் சிவப்பு மையால் காலமானார் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் சிவனணைந்தபெருமாள் அவர் கையை விட்டுவிட்டார், வரிசையில் இருந்த மற்றவர்கள் துண்டைத் தலையிலிருந்து எடுத்தார்கள், ஒரு கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், அடுத்த ஆள் பலவேசம் நின்றிருந்த இடத்தில் வந்து நின்று, அவர் மேலேயே இடித்துக்கொண்டு, பாக்கை வாயில் போட்டார்.

அன்று மதியமே கேதம் கேட்க ஊர் திரண்டது. வாரியத்து மலர்வளையம் வந்தது, சங்கத்து மாலை வந்தது. பலவேசம் முதலில் சிரித்தார். வந்தவர்களிடம், "வாங்கலே, எனக்குக் கேதம் என்கிட்டயே கேளுங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேலேயே மாலையைப் போட்டுவிட்டு, அவரைப் பற்றி நல்ல விதமாக நாலு வார்த்தை அவருக்கு முன்னாலேயே பேசிவிட்டுப் போனார்கள். வாரியத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வரும், இறந்தவரோடு யாராவது பேசினால் வாரிசு உரிமை ரத்தாகும் என்று விதியில் இருந்ததால் சேர்மக்கனியும் பேசவில்லை. ஆனால் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் மூன்று வேளை மூலையில் ஓர் இலையைப் போட்டுப் படையல்போலச் சோறு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பலவேசம் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார், சிலசமயம் அவருக்கு முன்னால் காக்காய் வந்துவிடும். இரவில் யாருக்கும் தெரியாமல் பேத்தியிடம் மட்டும் பேசுவார்.

முதல் தேதி விடிந்தபோது அவருடைய புதுப்பல் பத்தும் உதிர்ந்தன, பவிஷாவின் ஈறில் பத்துப் பல் வெள்ளையாகக் கிளம்பின. சேர்மக்கனி பிள்ளையை மடியில் போட்டு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தாள், சந்தோஷம் தாங்காமல் தெருவெல்லாம் சீனி கொடுத்தாள். அந்த வருடம் அவளைவிடச் சந்தோஷமான மனுஷி சிப்பித்துறையில் இல்லை.

மூன்று மாதம் கழித்து பவிஷாவுக்கு முறை வந்தது. அவளுக்கு ஒரு கடைவாய்ப்பல் முளைத்த காலையில், சேர்மக்கனி வழக்கமாக மெல்லுகிற பல் இலையில் விழுந்தது. அதற்கு அடுத்த முறை இன்னொன்று. அப்போதுதான் அவள் என் மேசைக்கு வந்து, வாரிசுப் படிவத்தின் நகலை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். நான்தான் தப்புச் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். "எனக்குப் போனாப் போகட்டும்," என்றாள், "அவ தின்னட்டும்." வார்த்தைகள் பல் உதிர்ந்த வாயில் குழைந்து வந்தன.

பவிஷா நன்றாகத் தின்றாள். சங்கத்தில் அவளுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். முறுக்குப் பந்தியில் பெரியவர்களுக்கு நடுவே இலை போட்டார்கள், "வாங்க, உக்காருங்க," என்று மரியாதை கொடுத்தார்கள், சிவனணைந்தபெருமாள் தன் இலையிலிருந்து நெஞ்செலும்பை எடுத்து அவள் இலையில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் அவள் அந்தத் தனி வரிசையிலிருந்து எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தாள். பெரியவர்களோடு இருந்து இருந்து அவர்கள் பேச்சு வந்துவிட்டது. நாங்கள் வாங்குவது பிச்சை இல்லை என்று ஒருநாள் அம்மாவிடமே சொன்னாளாம். தாத்தாவிடம் பேசுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

கப்பலிலிருந்து புருஷன் வந்து போனான். சேர்மக்கனிக்கு மறுபடியும் வயிற்றில் ஐந்து மாதம். மறு வருடத்து ஆவணி மாதத்தில் எங்கள் வாய்கள் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டன, பிள்ளைகளின் ஈறுகளிலும் எடுக்க எதுவும் இல்லை. இரண்டு முதல் தேதிகளில் யாருக்கும் பல் முளைக்கவில்லை. முளைக்காத இரண்டாவது மாதத்தில் ஒரு பெரியவர் செத்துப் போனார், நிஜமாகவே செத்தார், வெகு காலத்துக்குப் பிறகு ஊரில் முதல் பிணம். பெரியவர்கள் பயந்துபோனார்கள். அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் நானும், சேர்மக்கனியும், வயிற்றில் பிள்ளையோடு இருந்த வேறு மூன்று பெண்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம். பலவேசமும் எங்களோடு நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. உள்ளே முன்வரிசையில், தரைக்கு எட்டாத காலை ஆட்டிக்கொண்டு, பவிஷா உட்கார்ந்திருந்தாள்.

சிவனணைந்தபெருமாள் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். பணியாளர்களின் வீடுகளில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் பெயரை, பெயர் வைப்பதற்கு முன்பே, இன்றைய தேதியிலிருந்து பல் கொடுக்கிறவர்களின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்படி வாரியத்தைக் கேட்டுக்கொள்வது. படித்து முடித்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் மனசு கேக்கல," என்றார். "ஆனா நமக்கு வேற யாரு இருக்கா? சம்மதம்னா கையத் தூக்குங்க."

முதலில் நாலைந்து கைகள், பிறகு பத்து, பிறகு வரிசை வரிசையாகக் கைகள். அவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் கை, கண்ணாடி வளையல் போட்ட கை.

சேர்மக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். என்ன கத்தினாள் என்று பக்கத்தில் நின்ற எனக்கே புரியவில்லை. ஒரு பல்கூட இல்லாத வாயில் சொல் நிற்கவில்லை, காற்றுதான் வந்தது. பலவேசம் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"ஏட்டி பவிசா! ஒங்கம்மை வயித்துல கெடக்கது ஒன் தம்பிட்டி! கையக் கீழ போடு! தாத்தா சொல்லுதேன், கையக் கீழ போடுட்டி!"

உள்ளே ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பவிஷா மட்டும் திரும்பினாள். ஜன்னலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தாத்தா நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களைப் போலவே, அங்கே யாரும் இல்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, எண்ணுகிறவருக்குத் தெரியட்டும் என்று கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.